நடவுப் பாட்டுக்குச் சொந்தக்காரர்

அந்த நாட்டு மந்திரி அடுத்தடுத்து இரண்டு காரியம் செய்தார். முதலில் ஏரியைத் தூர்த்து விருந்து மாளிகை கட்டினார். பிறகு, நாட்டிலுள்ள பாட்டெல்லாம் அரண்மனைக்கே சொந்தம், கேட்காமல் யாரும் பாடக்கூடாது என்று சட்டம் போட்டார்.

நடவுக்காரி காத்தாயிக்கு வாய் சும்மா இருக்குமா? நாற்றுக்கட்டோடு வரப்பில் நின்று நடவுப் பாட்டை எடுத்தாள். அந்த வழியே பல்லக்கில் போன மந்திரி இறங்கி வந்து அதட்டினார்.

"யாரைக் கேட்டுப் பாடுறே? அது எங்க பாட்டு!"

"அப்படிங்களா? ரொம்ப சந்தோஷம்," என்றாள் காத்தாயி. "பாட்டு யாருதோ அவங்கதான் முதல் நாத்து நடணும். அது இங்க வழக்கம். வயல்ல இறங்குங்க ஐயா."

ஊரே பார்க்கிறது. மந்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கி நாற்றை ஊன்றினார். பாளம் பாளமாய் வெடித்த மண்ணில் அது நிற்காமல் சாய்ந்தது. மறுபடி ஊன்றினார். விரல்தான் நொந்தது.

"தண்ணியில்லாம எப்படி நிக்கும்?" என்று எரிந்து விழுந்தார்.

"ஏரியில இருந்துச்சுங்க," என்றாள் அவள்.

யாரும் சிரிக்கவில்லை. காத்தாயி சாய்ந்த நாற்றை எடுத்தாள். முந்தானை ஓரத்தைக் கிழித்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் நனைத்து, பச்சைப் பிள்ளையைச் சுற்றுவதுபோல் வேரைச் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க நாத்துங்க ஐயா. ஏரி திரும்பி வர்ற வரைக்கும் வாடாம பாத்துக்குங்க."