மணலில் விடுபட்ட முதுகு

"இன்னும் எப்படித்தான் நேரா நிக்கிறது, தாயே?"

ஆற்றங்கரைக் குடிலின் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த துறவி மங்கையம்மை தலை நிமிரவில்லை.

கேட்டவன் பூவலிங்கம். கோயில் பல்லக்குத் தூக்கி. இடுப்பில் வலி குடியேறிப் பல வருடங்களாகியும் பல்லக்குத் தண்டை விட்டுக்கொடுக்காதவன்.

இந்தத் திருவிழாவில் பல்லக்கு அவன் பக்கமே சாய்ந்து வந்தது. அவன் தோளில் துணியை மடித்து வைத்தார்கள். அப்போதும் சாய்ந்தது.

"எதிர்ல தூக்குற சுடலைமுத்து எம்புறான். சொன்னா, 'கிழவனுக்கு முதுகு மட்டுமா கோணல்'னு சிரிக்கிறானுங்க. நாளைக்கும் சாஞ்சா வேற ஆளாம்."

"ஓய்வுதானே? நல்லதாச்சே."

"எனக்கு மந்திரம் தெரியாது, தாயே. தோள் கொடுக்கிறதுதான் நான் கும்பிடுற கும்பிடு."

மங்கையம்மை கீரையைக் கீழே வைத்தார்.

"உன் முதுகை உனக்குத் தெரியுமா?"

பூவலிங்கம் சிரித்துவிட்டான். "கை, கால்கூட மறந்துபோகும். இது ஒரு கணம் மறக்க விடுமா?"

"அப்படியானால் கண்ணை மூடிக்கொள். மணலில் உன் முதுகை வரை."

"தன் முதுகை யாரு பார்த்திருக்கா?"

"பார்த்து வரையச் சொல்லவில்லை. உள்ளே இருந்து உணர்ந்து வரை."

அவன் குந்தி, கண்ணை மூடி, மணலில் விரலை வைத்தான். கழுத்து எளிதாக வந்தது. தோள்கள் வந்தன. விலா வழியே இறங்கிய விரல் தயங்கியது. பிறகு நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திவிட்டாய்?"

"தேடுறேன்."

"எதை?"

"இடுப்பை."

"வலிக்கிறதே, அங்கேதானே இருக்கும்?"

அவன் கண்ணைத் திறக்காமல் இன்னும் தேடினான்.

"வலி இருக்கு, தாயே. முதுகைக் காணோம்."

கண்ணைத் திறந்தான். மேலே இரண்டு தோள்கள். நடுவில் கோடு விழாத வெறும் மணல். அதன்மேல் ஓர் எறும்பு தடையின்றிக் கடந்து போனது. அவன் அந்த இடத்தையே பார்த்தான். ஆளில்லாத இடத்தின்மீதா இத்தனை காலம் சாமியைச் சுமந்தோம்?

மங்கையம்மை அவனை எழுப்பி நிறுத்தினார். ஈரமான ஒரு கூழாங்கல்லை அவன் இடுப்பில் வைத்து அழுத்தினார்.

"எங்கே?"

"நடு முதுகுல."

அவன் கையைப் பிடித்துக் கல்லிடம் கொண்டுபோனார். கல் இடுப்பின் ஓரத்தில் இருந்தது.

கல் இடம் மாறியது. "இப்போது?"

மறுபடியும் தவறு. மறுபடியும் கல். வெயில் ஆற்றைத் தாண்டி அக்கரை ஏறும்வரை இருவரும் வேறு பேசவில்லை.

ஒரு முறை, அவர் கேட்பதற்கு முன்பே, அவன் கை பின்னால் சென்று கல்லைத் தொட்டது.

வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றி, இருட்டறையில் சுவர் தட்டுப்படுவதுபோல், ஒரு முதுகு மெல்லத் தட்டுப்பட்டது. பூவலிங்கம் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றான்.

"என்ன?" என்றார் மங்கையம்மை.

"தாயே," என்றான் தாழ்ந்த குரலில், "நான் சாஞ்சு நிக்கிறேன்."