கையெழுத்துப் போடாத அத்தை

ஒரு ஊர்ல ஒரு ராஜா. ராஜாவுக்கு வயசு ஆறு. சிரிக்காதே, அப்படித்தான். பல்கேரியான்னு தூரத்துல ஒரு தேசம். அங்க பெரிய ராஜா குதிரையிலேர்ந்து விழுந்து செத்துப் போயிட்டார். அவர் பையன் லூபென் ராஜா ஆயிட்டான். கிரீடத்தை வெச்சா மூக்கு வரைக்கும் இறங்குது. கேக்கறியா? ம்.

அப்போ, அவன் பெரியவனாகிற வரைக்கும் அவன் பேர்ல நாட்டை ஆள மூணு பேரை வெச்சாங்க. ஒருத்தர் சேனாபதி ராஷ்கோ. ஒருத்தர் தலைமைப் பாதிரியார். மூணாவது, பையனோட அத்தை வெலிச்கா. மூணு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் உத்தரவு செல்லும்.

அப்புறம், சின்னப் பையன்தானேன்னு பக்கத்து நாட்டு ராஜா படையோட வந்து ஆத்துக்கு அக்கரையில கூடாரம் அடிச்சான். சேனாபதி தடதடன்னு ஓடி வந்தார். "அம்மா, யுத்தம். கையெழுத்துப் போடுங்க."

"கோதுமை வயல்ல நிக்குது. எல்லாரும் சண்டைக்குப் போயிட்டா யார் அறுக்கிறது? முதல்ல அறுப்பு முடியட்டும்"னா வெலிச்கா. போடலை. சேனாபதி முகம் சுருங்கிப் போச்சு. ஊரெல்லாம் சரக் சரக்னு அறுத்தாங்க.

அப்புறம் அக்கரையிலேர்ந்து தூதன் வந்தான். "உங்க பையனை எங்க அரண்மனைக்கு அனுப்புங்க, நாங்க வளர்க்கிறோம். படை திரும்பிடும்"னான். பாதிரியார் பயந்த மனுஷர். "அனுப்பிடலாம்மா"ன்னார்.

"அவனை அனுப்பிட்டு நாம யார் பேர்ல ஆளறது?"ன்னு வெலிச்கா கேட்டா. அதுக்கும் போடலை. தூதன்கிட்ட, "குளிர் வரப் போகுது, உங்க படைக்கும் பசிக்கும். நூறு வண்டி கோதுமை தரோம், ஊர் போய்ச் சேருங்க"ன்னா. கடகடன்னு வண்டி போச்சு. படையும் போச்சு. ம்?

அப்புறம் பையனுக்கு எட்டு வயசுல விஷக் காய்ச்சல். வைத்தியர் கையை விரிச்சுட்டார். ஒரு மத்தியானம் பிரபுக்கள் ஒரு காகிதத்தோட வந்தாங்க. "பையன் பிழைக்க மாட்டான். இனிமே நீங்கதான் ராணின்னு எழுதியிருக்கோம். மத்த ரெண்டு பேரும் போட்டாச்சு, நீங்க போட்டா முடிஞ்சுது."

வெலிச்காவுக்கு ஆசை வந்துச்சு. வராம இருக்குமா? ரெண்டு வருஷமா நாட்டைத் தாங்கினவ. இறகுப் பேனாவை எடுத்து மையைத் தொட்டா. சொட்டுன்னு ஒரு துளி காகிதத்துல விழுந்துச்சு. அப்போ உள்ளேர்ந்து லொக் லொக்னு இருமல்.

"இன்னும் மூச்சு இருக்கு. மூச்சு இருக்கிற வரைக்கும் அவன்தான் ராஜா"ன்னு பேனாவைக் கீழே வெச்சா. ஈரத்துணியை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டா.

பதினோரு நாள் கழிச்சு காய்ச்சல் விட்டுச்சு.

அப்புறம் லூபெனுக்குப் பதினாறு வயசாச்சு. சபையில எல்லார் முன்னாடியும் அத்தை ராஜ முத்திரையை அவன் கையில குடுத்தா. வாங்கிக்கிட்டு அவன் கேட்டான், "அத்தை, எனக்குக் காய்ச்சல் வந்தப்ப பேனாவை எடுத்தீங்களாமே?"



"எடுத்தேன்."

"ஆசை வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

"உங்க வாயால சொல்லுவீங்களான்னுதான் கேட்டேன்"னு சொல்லி, குனிஞ்சு அவ கையில முத்தம் குடுத்தான்.

வெலிச்கா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுப் படுத்தா. பத்து வருஷத்துல முதல் தடவையா, கையெழுத்து வேணும்னு யாரும் டொக் டொக்னு கதவைத் தட்டலை. வெயில் முகத்துல படற வரைக்கும் தூங்கினா. அவளே தூங்கிட்டா, இனிமே சொல்றதுக்கு என்ன இருக்கு? நீயும் கண்ணை மூடு.