முப்பத்துமூன்றாவது வில்லை

வில்லை ஒரு மில்லிமீட்டர் தாழ வேண்டும். நான்கு தாழ்ந்துவிட்டது.

வேறொன்றும் நடக்கவில்லை. பலவேசத்துக்கு அதுவே போதும். சனிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆறு வருடப் பதிவு காலாவதி. அன்று வியாழன்.

பலவேசம் மாணவர். வயது அறுபத்தொன்று. துறைமுகத்தில் கிரேன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஆசிரியை ஜெபக்கனிக்கு முப்பத்தொன்பது. இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார். அதில் இருவருக்கும் சங்கடமில்லை.

வில்லை என்றால் மெதுவடை அளவு. உள்ளே பின்னிக்கிடக்கும் நூல். நூலுக்கு நடுவே முழுக்கத் தண்ணீர். தேய்ந்த முழங்காலுக்குள் வைக்கப் பார்க்கிறார்கள். பாரம் ஏற்றினால் எவ்வளவு தாழும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது பலவேசத்தின் வேலை. ஒரு மில்லிமீட்டர் என்றது கணக்கு. முப்பத்திரண்டு வில்லைகளும் ஆமாம் என்றன.

முப்பத்துமூன்றாவதுக்குப் பாரம் வைத்தவர் ஆய்வக உதவியாளர் முத்துக்குட்டி. பலவேசம் ஆய்வேட்டுக்கு அட்டை நிறம் பார்க்கப் போயிருந்தார். பாரம் வைத்த கையோடு, கேன்டீனில் பிரியாணி என்று காதில் விழுந்தது. முத்துக்குட்டி போய்விட்டார்.

“கெடுத்துட்டியேடே!” என்றார் பலவேசம், திரும்பி வந்து.

“தட்டுல கொஞ்சம் தண்ணி கிடந்துச்சு அண்ணாச்சி. தொடச்சிட்டேன்.”

“ரொம்ப நல்ல காரியம்.”

ஜெபக்கனி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பலவேசம் எதிரே நின்றார்.

“மேடம், முப்பத்திரண்டு ஒண்ணு சொல்லுது. ஒண்ணே ஒண்ணு வேற சொல்லுது. எதை நம்ப? அதைக் குப்பையில போட்டுரவா?”

“செருப்பைக் கழட்டிட்டு வாங்க அண்ணாச்சி.”

விடுதி மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். யாரோ வெயிலுக்குப் போட்ட பஞ்சு மெத்தை. முந்தின நாள் மழையில் ஊறித் தொப்பலாகக் கிடந்தது.

“அந்தப் படியில ஏறி மெத்தை மேல குதிங்க.”

“நானா?”

“நான் குதிச்சா நீங்க என்ன தெரிஞ்சுக்குவீங்க?”

பலவேசம் பேண்டை முழங்கால் வரை சுருட்டினார். தொண்ணூறு கிலோ. குதித்தார். தொம்மென்றது. அதிர்வு முதுகெலும்பு வரை ஏறியது.

“கல்லு மாதிரில்லா இருக்கு!”

துணி காயப்போட வந்த பையன்கள் கை தட்டினார்கள். “சார், இன்னொரு தடவை!”

“வீட்ல போய் உங்க தாத்தாவைக் குதிக்கச் சொல்லுங்கடே.”

“இப்போ சும்மா நில்லுங்க,” என்றார் ஜெபக்கனி.

“எவ்வளவு நேரம்?”

ஜெபக்கனி படியில் உட்கார்ந்தார். கொண்டுவந்திருந்த விடைத்தாளைத் திருத்த ஆரம்பித்தார். நாலு தாள் முடிந்தது. பலவேசத்தின் விரல்களுக்கு இடையே தண்ணீர் கசிந்து வந்தது. பாதம் மூழ்கியது. ஆள் மெதுவாகக் கீழே போய்க்கொண்டிருந்தார்.

“தண்ணி எங்க போகுது?”

“பக்கவாட்டுல. வெளியே.”

“குதிச்சப்போ?”

“போக நேரமில்ல.”

“நீங்க வில்லை மேல எத்தனை நொடி பாரம் வெப்பீங்க?”

“பத்து.”

“அந்தப் பத்து நொடியும் பாரத்தைத் தாங்கினது யாரு அண்ணாச்சி?”

பலவேசம் மெத்தையை விட்டு இறங்கினார். செருப்பை மறந்து ஆய்வகத்துக்கு ஓடினார்.

வெள்ளிக்கிழமை முழுக்க வேலை. கணக்கில் நூலையும் தண்ணீரையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தார். பிரித்தார். நூல் வலை வழியே தண்ணீர் எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்று தனியாக அளந்து, அதையும் சேர்த்தார். பத்து நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வந்தது. முப்பத்திரண்டுக்கும் சரி. இனி அந்த ஒன்று.

“எவ்வளவு நேரம்டே சாப்பிட்ட?”

“பத்தே நிமிஷம் அண்ணாச்சி. அள்ளிப் போட்டுட்டு ஓடியாந்துட்டேன்.”

கணினியில் பத்து நிமிடம் என்று கொடுத்தார். இரண்டேகால் வந்தது. நான்கு வரவில்லை. மூன்று தடவை சரிபார்த்தார். இரண்டேகால்தான். பலவேசம் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

“போச்சு மேடம். பதிவு போச்சு.”

ஜெபக்கனி திரையைப் பார்த்தார். “நாலு தாழ எவ்வளவு நேரம் ஆகும்னு அதையே கேளுங்க.”

கேட்டார். ஐம்பத்திரண்டு நிமிடம் என்றது. முத்துக்குட்டியை மறுபடியும் கூப்பிட்டார்.

“ஐம்பத்திரண்டு நிமிஷம்னு சொல்லுதுடே.”

முத்துக்குட்டி மெல்ல அண்ணாந்து பார்த்தார். “கேமரா வெச்சிருக்கீங்களா?”

“இல்ல. வில்லை சொல்லிருச்சு.”

“பிரியாணி இருபது நிமிஷம் அண்ணாச்சி. முட்டை வெக்கலைன்னு ஒரு சின்னச் சண்டை. அப்புறம் வேப்ப மரத்தடியில லேசாக் கண்ணசந்துட்டேன்.”

“பாரம் வெச்சது எத்தனை மணிக்கு?”

“ஒண்ணு அஞ்சு.”

“வந்தது?”

“ரெண்டு அடிக்க மூணு நிமிஷம் இருந்துச்சு.” குரல் இறங்கிவிட்டது. “எழுதிக் குடுத்துராதீங்க அண்ணாச்சி.”

பலவேசம் விரல் விட்டு எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். எழுந்து போய் முத்துக்குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை.

சனிக்கிழமை காலை. ஆய்வேடு தயார். ஒரு பக்கம்தான் பாக்கி.

“நன்றிப் பக்கம் மேடம். கணக்கைச் சரி பண்ணினது நீங்க. உங்க பேரைப் போடுதேன்.”

“பத்து நொடி போதும்னு ஆறு வருஷம் கையெழுத்துப் போட்டவ நான்.”

“அப்போ யாரு பேரைப் போட?”

ஜெபக்கனி பேனாவை மூடினார்.

“அவசரப்படாம சாப்பிட்ட ஆளு ஒருத்தர்தான் அண்ணாச்சி இங்க. முத்துக்குட்டின்னு போடுங்க.”