இரவல் கேமராவின் அடிப்பக்கம்

திருச்சியில் மங்கையர்க்கரசி என்றொருத்தி இருந்தாள்; சுருக்கமாக அரசி. கூலி வாங்காமல் கூடி மாநாடு நடத்துகிறவர்களுக்கு, தானும் கூலி வாங்காமல் படம்பிடித்துக் கொடுப்பாள். கேமரா அவளுடையதல்ல. மலேசியாவில் ஈப்போ நகரத்தில் இருக்கும் நண்பர்கள் வாங்கியது. நாடு நாடாக இரவலில் போய்க்கொண்டே இருப்பது.

அவளிடம் வேலை கற்றுக்கொண்டவர் பிலவேந்திரன். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர், அவளைவிட வெகுவாக மூத்தவர். அவளை ‘டீச்சர்’ என்பார். முதலில் கேலிக்குச் சொன்னது, பிறகு அப்படியே நிலைத்துவிட்டது.

திருச்சி மாநாடு முடிந்தது. கேமரா கொழும்புக்குப் போக வேண்டும். அங்கே நாளை மறுநாள் மாநாடு. விமான நிலையத்துக்குப் போகும் ஆட்டோவில், பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு அவர் கேட்டார்.

“டீச்சர், இரவல் பொருள் கையில இருக்கிறவரைக்கும் எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது. உங்களுக்கு எப்படி வருது?”

“பெட்டி ஏறட்டும் சார். சொல்றேன்.”

சரக்குக் கொட்டகையில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். திரும்ப வெளியே போய்விடும் என்ற உறுதியில் வரி கட்டாமல் உள்ளே வந்த பொருள்; வந்தது எதுவோ அதுவே வெளியே போக வேண்டும். அவர் கேமராவின் எண்ணைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார்.

“உள்ள வந்தது இது இல்லையே.”

“அதே மாடல்தான் சார்,” என்றார் பிலவேந்திரன். “அதைவிடப் புதுசு.”

“புதுசா பழசான்னா கேட்டேன்? வந்தது எங்க?”

அரசி கேமராவை வாங்கித் தலைகீழாகப் புரட்டினாள். அடிப்பக்கம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. நிமிர்ந்து பிலவேந்திரனைப் பார்த்தாள். அவர் கைக்குட்டையைத் தேடினார்.

“விழுந்திருச்சு டீச்சர். கடைசி நாள், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தப்ப. என் கால் ஒயர்ல மாட்டி... இப்ப படத்துல வலது ஓரம் ஒரு கறுப்புக் கோடு விழுது. ஈப்போக்காரங்க என்ன நினைப்பாங்க? அதான் புதுசு வாங்கி வெச்சுட்டேன். பழசு வீட்டு பீரோவுல இருக்கு.”

அரசி அதிகாரியிடம் திரும்பினாள். “எடுத்துட்டு வந்துடறோம் சார்.”

“சீக்கிரம் வாங்கம்மா. சரக்கு ஏத்த ஆரம்பிச்சுட்டா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல.”

டோல்கேட்டில் வண்டிகள் நகரவில்லை. ஆட்டோக்காரர் முன்னால் நின்ற பஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்தார். வெயில் ரெக்சின் இருக்கையைச் சுட்டது.

“கேமரா போகலேன்னா கொழும்புல என்ன பண்ணுவாங்க?”

“மாநாடு நடக்கும். பேசினது அந்த ஹாலோட போயிரும்.”



“என்னைத் திட்டிருங்களேன் டீச்சர்.”

“அவர் திட்டுறது போதாதா சார்?”

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். பிலவேந்திரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மேலப்புதூரில் வீட்டைத் திறந்து, பீரோவைத் திறந்து, வேட்டிகளுக்கு அடியிலிருந்து பழைய கேமராவை எடுத்தார். திரும்பும் வழியெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு விமானம் எழும்பிப் போனது. அதுதான் கொழும்பு விமானமோ என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

அது இல்லை. கொட்டகைக் கதவு இன்னும் திறந்தே இருந்தது.

அதிகாரி எண்ணைச் சரிபார்த்தார். “உடைஞ்சதை அனுப்பவா இந்த ஓட்டம்? நல்லதை வீட்டுல வெச்சுக்கறீங்க, கெட்டிக்காரங்கதான்.”

அரசி பையிலிருந்து வெள்ளைத் துணி டேப்பை எடுத்து ஒரு துண்டு கிழித்தாள். பழைய கேமராவின் அடிப்பக்கத்தில் ஏற்கெனவே சில துண்டுகள் ஒட்டியிருந்தன. தன் கையில் கேமராவுக்கு என்ன ஆனதோ அதை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டி அனுப்புவது ஒவ்வொரு ஊரின் வழக்கம். ஒன்றில் இப்படி இருந்தது: ‘காத்மாண்டு. மழையில் நனைத்துவிட்டேன். சிவப்புப் பொத்தான் ஒட்டிக்கொள்ளும். சுனிதா.’

“எழுதுங்க சார்.”

அவர் எழுதினார். ‘திருச்சி. விழுந்தது. வலது ஓரம் கறுப்புக் கோடு.’

“பேரு?”

“பேருமா?”

“சுனிதா எழுதியிருக்காளே.”

பேனா சற்று நின்றது. பிறகு, ‘விழுந்தது’ என்பதை அடித்து, ‘விழவிட்டேன்’ என்று மாற்றிப் பெயரையும் எழுதினார். அரசி அதை ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்துப் பெட்டியை மூடினாள்.

பெட்டி உள்ளே போனது. கொட்டகைக் கதவு இறங்கியது. புதுக் கேமரா, போக்கிடமில்லாமல் அவர் மடியில் இருந்தது.

“இப்பவாவது சொல்லுங்க டீச்சர். உங்களுக்கு எப்படித் தூக்கம் வருது?”

“மாநாடு முழுக்க அந்தச் சிவப்புப் பொத்தானை அவ்வளவு மெதுவா அழுத்துனீங்களே, ஏன்?”

“ஒட்டிக்கும்னு எழுதியிருந்துச்சே.”

“கொழும்புல ஒருத்தர் நீங்க எழுதினதைப் படிச்சுட்டு, பேசுறவரைக் கொஞ்சம் இடது பக்கமா நிறுத்தி எடுப்பார் சார்.”