தறுதலை தாண்டிய வேலி

வெகு வெகு காலத்துக்கு முன்னால், ராஜாக்களுக்குப் பொழுது போவதே பெரும்பாடாக இருந்த நாளில், வெண்கோடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜா பூபதிக்குக் குதிரைப் பந்தயம் என்றால் உயிர். சும்மா ஓடுகிற பந்தயம் இல்லை. வழியில் தடைகள் இருக்கும், தாண்டித்தான் ஓட வேண்டும்.

அந்த நாட்டில் ஒரு குதிரை. பெயர் தறுதலை. முதலில் வைத்த பெயர் வேறு என்னவோ. அது பண்ணிய அட்டூழியத்தில் ஊரே அந்தப் பெயரை மறந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியை உடைக்கும். லாயத்துக் கதவைப் பெயர்க்கும். குயவர் பானை காயவைத்தால் அதன் நடுவில்தான் ஓடும். தாண்டிப் பழகக் கம்பு கட்டினால், மோதி முறித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும்.

அதன்மேல் சவாரி செய்தவள் சிலம்பாயி. அவள் ஒரு சந்தேகப் பிராணி. பால் வெள்ளையாக இருந்தால் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்பாள். அதற்குக் காரணமும் இருந்தது. தறுதலை அவளுடைய அண்ணன் மருதையனின் குதிரை. ஒருநாள் காலையில் அவன் அதில் ஏறிப் போனான். மாலையில் குதிரை மட்டும் வெறும் சேணத்தோடு திரும்பி வந்தது.

"எங்கேயாவது அசலூருக்கு ஓடிப்போயிருப்பான்" என்றார்கள் காவலர்கள்.

சிலம்பாயி நம்பவில்லை. குதிரையின் பிடரியைப் பிடித்து, "எங்க அண்ணனை என்ன பண்ணினே? எங்கே தள்ளிட்டு வந்தே?" என்று அழுதாள். தறுதலை புல்லைத் தின்றது. உண்மை தெரியும்வரை இந்தக் குதிரையை விட்டு இறங்குவதில்லை என்று அன்றைக்கே அவள் முடிவு பண்ணினாள்.

பந்தயத்துக்குத் தடை போடுகிறவன் விடங்கன். சந்தனப் பொட்டும் சிரித்த முகமுமாக இருப்பான். அந்த வருடம் புதிதாக ஒரு முள்வேலி போட்டான். "ராசியான வேலி மகாராஜா! குதிரைக் குளம்பு படக்கூடாது, மனுஷக் கை படவே கூடாது. பட்டால் நாட்டுக்கே ஆகாது" என்றான். ராஜாவும் தொட்டவர் தலை போகும் என்று தண்டோரா போட்டு, ஈட்டியோடு காவலும் வைத்தார். ஒரு மூட்டைப் பொன்னையும் விடங்கனுக்குக் கொடுத்தார்.

பந்தயம் தொடங்கியது. மற்றக் குதிரைகள் வேலியைப் பார்த்துத் தயங்கித் தயங்கித் தாண்டின. தறுதலையோ கண்மண் தெரியாமல் வந்தது. எங்கேயோ தூரத்திலேயே எம்பியது. 'தொலைந்தோம்' என்று சிலம்பாயி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அந்தப் பக்கம் இருந்தாள். வேலியில் ஒரு முள்கூட அசையவில்லை. ஜெயித்தது தறுதலை!

ஊர் ஆர்ப்பரித்தது. சிலம்பாயி மட்டும், "எங்கேயோ இடிக்குதே!" என்றாள்.

மறுவருடம் முள்வேலிக்கு முன்னால் ஒரு மரத்தடை முளைத்தது. தறுதலை கண்மண் தெரியாமல் வந்தது, தூரத்திலேயே எம்பியது, ஒரு சிராய்கூட அசையாமல் தாண்டியது. அதற்கடுத்த வருடம் அதற்கும் முன்னால் ஒரு கல்சுவர். கண்மண் தெரியாமல் வந்தது, தூரத்திலேயே எம்பியது, ஒரு தூசிகூட விழாமல் தாண்டியது. மூன்று வெற்றி, மூன்று மாலை. மாலை மூன்றையும் தறுதலையே தின்றுவிட்டது.

"வீட்டுக் கம்பை முறிக்கிற சனியன் ராஜா வேலியை மட்டும் எப்படி உரசாமத் தாண்டுது? எங்கேயோ இடிக்குதே!" என்றாள் சிலம்பாயி.

இன்னொன்றும் இடித்தது. பந்தயம் முடிந்ததும் ஒவ்வொரு முறையும் அந்தக் குதிரை முள்வேலிப் பக்கமே இழுக்கும். மூக்கை நீட்டி மோந்து பார்க்கும். காவலர்கள் விரட்டி அடிப்பார்கள்.

விடங்கன் ஒருநாள் லாயத்துக்கே வந்தான். "அம்மாடி, அந்தக் குதிரைக்குள்ளே ஏதோ துர்தேவதை இருக்கு. உன் அண்ணனையும் அதுதான் விழுங்கியிருக்கும். எனக்குக் கொடுத்துடு, நான் பார்த்துக்கறேன்" என்றான்.

சிலம்பாயிக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அவளும் அதைத்தானே நினைத்திருந்தாள்! "நாலாவது பந்தயம் ஓடட்டும் ஐயா, அப்புறம் தரேன்" என்றாள்.

பந்தயத்துக்கு முதல் நாள் வீட்டுக் கம்பில் பழகினார்கள். வழக்கம்போல மோதி முறித்தது தறுதலை. சிலம்பாயி குதிரைக்கு முன்னாலேயே தலைகுப்புற விழுந்தாள். அவ்வளவுதான், நெஞ்செலும்பு நொறுங்கிவிடும் என்று சுருண்டுகொண்டாள். குதிரை எம்பியது. நாலு காலையும் வயிற்றோடு மடக்கி, அவள்மேல் நிழல் மட்டும் விழும்படி தாண்டிப் போனது.

அவள் மண்ணில் கிடந்தபடியே யோசித்தாள். கம்பை முறிக்கும். கதவை முறிக்கும். விழுந்து கிடக்கிற ஆளை மட்டும் மிதிக்காது. அதே எம்பல். ராஜாவின் வேலியைத் தாண்டுகிற அதே எம்பல்!

அப்படியென்றால் அந்த வேலி?

மனுஷக் கை படவே கூடாது என்று விடங்கன் சொன்னது இதற்குத்தானா? விடங்கன் வீட்டுப் பக்கம் யாராவது கோடாலிச் சத்தம் கேட்டதுண்டா? அவன் முள்வேலி போடப்போகிறேன் என்றபோது, முள்ளை எங்கே வெட்டுவாய் என்று கேட்ட அண்ணனைக் காணோம். அடுத்த வருடம், மரத்துக்கு எங்கே போவாய் என்று கேட்ட விறகுவெட்டியைக் காணோம். அதற்கடுத்த வருடம், கல்லுக்கு எங்கே போவாய் என்று கேட்ட கொத்தனாரைக் காணோம். காவலைத் தாண்டி அந்த வேலியை நெருங்கப் பந்தயத்தை விட்டால் வேறு வழி இல்லை. தான் நினைத்தது தப்பாக இருந்தால் தலை போகும். சரியாக இருந்தால் அண்ணன் வருவான்.

மறுநாள் பந்தயம். கல்சுவரைத் தாண்டியது தறுதலை. மரத்தடையைத் தாண்டியது. முள்வேலிக்கு நேரே எம்பியபோது சிலம்பாயி கடிவாளத்தைக் கைவிட்டாள். பொத்தென்று வேலிமேலேயே விழுந்தாள். ஊர் அலறியது. முள் கிழித்ததைப் பொருட்படுத்தாமல் அவள் வேலியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கத்தினாள்.

"மருதையண்ணே! நான்தாண்ணே, சிலம்பாயி!"

முள் மயிராயிற்று. கொப்பு கையாயிற்று. வேலி இருந்த இடத்தில் மருதையன் எழுந்து நின்று, "ஏ புள்ளே, தண்ணி கொடு. எத்தனை வருஷமா வெயில்ல நிக்கிறேன்" என்றான். அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். அதைப் பார்த்து விறகுவெட்டியின் மனைவி ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டாள். கொத்தனாரின் மகள் சுவரைக் கட்டிக்கொண்டாள். அவர்களும் எழுந்து வந்தார்கள்.

"பிடியுங்கள் அந்த விடங்கனை!" என்றார் ராஜா.

விடங்கன் எடுத்தான் ஓட்டம். முன்னால் ஆற்றங்கரை, பின்னால் காவலர்கள். சட்டென்று மந்திரம் சொல்லி, பாதையின் குறுக்கே தானே ஒரு மரத்தடையாக மாறி ஒளிந்துகொண்டான். ஆள் இல்லாத தறுதலை அதே பாதையில்தான் கண்மண் தெரியாமல் வந்துகொண்டிருந்தது. எம்பவில்லை. வேகத்தைக் குறைக்கவும் இல்லை. படார்!

இடுப்பைப் பிடித்துக்கொண்டு புலம்பியபடி விடங்கன் தரையில் உருண்டான். மந்திரமெல்லாம் அந்த மோதலிலேயே தெறித்துப் போயிருந்தது.

ராஜா சிலம்பாயியிடம் கேட்டார்: "மற்ற மூவரையும் உரசாமல் தாண்டிய குதிரை, இவனை மட்டும் ஏன் தாண்டவில்லை?"

"அது மனுஷங்களைத்தான் தாண்டும் மகாராஜா" என்றாள் சிலம்பாயி.

அதற்குப் பிறகு பந்தயத் தடைக்கெல்லாம் விடங்கனே கோடாலி எடுத்து மரம் வெட்டினான். வெட்ட வெட்ட, தறுதலை முறித்துக்கொண்டே போனது. முறித்தாலும் முதலில் வந்தால் வெற்றிதான் என்று ராஜா சட்டத்தையே மாற்றிவிட்டார். மாலைகளைத் தின்று தின்று அது கொழுத்தது. தினமும் படுக்கப் போகுமுன் சிலம்பாயி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே" என்பாள். அது பாட்டுக்குப் புல்லைத் தின்னும்.