மிச்சம் இரண்டு கரண்டி

"தெருவே சேர்ந்து பொய் சொல்லுது, மேடம்," என்றார் திருமேனி.

ஜெயசீலி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார்.

திருமேனிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஜெயசீலிக்கு முப்பத்து நாலு. ஆனால் திருமேனிதான் மாணவர். ஜெயசீலிதான் அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டி.

கல்லூரியில் சேர்ந்த அன்றே, "எனக்கு ஒரே ஒரு கேள்விதான்" என்று சொல்லிச் சேர்ந்தவர் திருமேனி. இருபது வருஷமாகத் தன் சித்த வைத்தியசாலையில் சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுகுறிஞ்சான் இலைப்பொடி கொடுத்து வந்தார். பலருக்கும் சர்க்கரை இறங்கியது. இறக்கியது இலையா, தான் சொன்ன பத்தியமா? அது தெரியாமல் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நாற்பது பேரைச் சேர்த்தார். எல்லோரும் ஒரே தெருக்காரர்கள், பெரும்பாலும் பீடி சுற்றுகிறவர்கள். வழக்கமான மாத்திரையை நிறுத்தாமல், கூடவே தினம் ஒரு கரண்டி பொடி. பாதிப் பேருக்கு இலைப்பொடி. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே கசப்பில் மருந்தில்லாத வேறொரு பொடி. யாருக்கு எது என்பது ஜெயசீலியின் பீரோவில், ஒட்டிய உறைக்குள் இருந்தது. திருமேனிக்கும் தெரியாது.

ஈரம் படக்கூடாது என்று அவரே நாற்பது எவர்சில்வர் டப்பா வாங்கினார். முப்பது நாளைக்கு முப்பது கரண்டி. ஒவ்வொரு மாதம் முடிந்ததும் ரத்தம் கொடுக்க வேண்டும். டப்பாவையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முதல் மாதத்து டப்பாக்கள் வந்து சேர்ந்தன. திருமேனி ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தார்.

"எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டார் ஜெயசீலி.

"இரண்டு கரண்டி."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும். கேட்டா ஒரு நாள்கூட விடலைங்கிறாங்க. ஒரு அம்மா பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுது."

"எல்லார்னா, நாற்பது பேருமா?"

"முப்பத்தொன்பது. ராயப்பன்னு ஒரு தையல்காரர் இருக்கார். அவர் டப்பா மட்டும் துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. அந்தத் தெருவுல அவர் ஒருத்தர்தான் யோக்கியன்."

"அவர் வீட்டுல யார் இருக்கா?"

"இப்ப யாரும் இல்லை. மகளோட பேறுகாலத்துக்கு அவர் சம்சாரம் சிவகாசி போயிருக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன மேடம்?"

ஜெயசீலியின் பார்வை அலமாரிப் பக்கம் போய் வந்தது.

திருமேனி ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். முப்பத்தொன்பது பெயர்கள்.

"இவங்களை எடுத்துடலாம். ஒரு கையெழுத்துப் போடுங்க. மருந்தை ஒழுங்காக் குடிக்காம குடிச்சேங்கிறவங்களை வச்சு என்னத்தைக் கண்டுபிடிக்க?"

"எடுத்துட்டா யார் மிச்சம்?"

"ராயப்பன்."

"ஒரு தையல்காரரை வச்சு ஆராய்ச்சியா?"

"ஆராய்ச்சி முடிஞ்சுது மேடம். பழையபடி வைத்தியசாலையைத் திறந்துடுறேன்." தாளை ஜெயசீலி பக்கம் தள்ளினார். "அந்தத் தெருவுல என்னை நம்புறாங்கன்னு நினைச்சேன்."

ஜெயசீலி எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். ஒரு தூக்குவாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"போன வாரம் உங்க வீட்டு அக்கா சொதிக் குழம்பு கொடுத்து விட்டாங்களே, அந்தத் தூக்கு. கழுவி வச்சிருக்கேன். முதல்ல இதைக் கொண்டு போய்க் கொடுங்க. நாலு மணிக்குக் கையெழுத்துப் போடுறேன்."

"இப்பவா?"

"இப்பவேதான்."

திருமேனி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். தூக்கு கையில் கனக்கவே இல்லை.

மூடியைத் திறந்து பார்த்தார். ஒன்றும் இல்லை.

மூடினார். மறுபடி திறந்து பார்த்தார்.

மேடம் படித்தவர், நல்லவர். ஆனாலும் இப்படியா கொடுத்து விடுவார்? வீட்டில் மனைவி தூக்கை வாங்கியதும் மூடியைத்தான் திறப்பாள். வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டாள். மேடத்தைப் பற்றி மனசுக்குள் ஒன்று நினைத்துக்கொள்வாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி. மூன்று கொய்யாப்பழம் வாங்கித் தூக்குக்குள் போட்டு மூடினார். மேடம் கொடுத்ததாகவே இருக்கட்டும்.

நாலு எட்டு நடந்தார்.

நின்றார்.

மூடியைத் திறந்து, அந்த மூன்று பழங்களையும் வெகுநேரம் பார்த்தார்.

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. பீடித் தெருவைப் பார்த்து நடந்தார். பாதி வழியில் நடை ஓட்டமாகிவிட்டது.

காசியம்மாள் மடியில் முறத்தோடு வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவள் அவள்தான்.

"என்னய்யா, இந்த வெயில்ல ஓடி வாரீங்க? எடுத்த ரத்தம் காணலையா?"

"காசியம்மா, தினம் ஒரு கரண்டி குடிச்சீங்களா?"

"இன்னும் எத்தனை தடவை சத்தியம் பண்ண? குடிச்சேன்."

"முழுக் கரண்டியா?"

அவள் விரல்கள் நின்றன. "கொஞ்சம் தட்டிட்டுத்தான் எடுத்தேன்."

"ஏன்?"

"முழுசா எடுத்தா டப்பா காலியாயிருமே."

"ஆனா என்ன?"

காசியம்மாள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அடுத்தவங்க ஏனத்தை, பாத்திரத்தை வெறுமனேயா திருப்பிக் கொடுப்பாங்க?"

"அதுக்கு மருந்தையா மிச்சம் வைக்கிறது? ஒரு பிடி அரிசி போடக்கூடாதா?"

"மருந்து டப்பாவுல அரிசியா? சீனி போடலாம்னா, சீனி வீட்டுக்குள்ளயே வரக்கூடாதுன்னு சொன்னது யாரு?"

அடுத்த வாசலில் யாரோ சிரித்தார்கள்.

"ராயப்பண்ணன்தான் வழிச்சுத் துடைச்சுக் கொடுத்துட்டு வந்திருக்கு," என்றாள் காசியம்மாள். "மதினி ஊர்ல இல்லைன்னா அதுக்கு ஒண்ணும் தெரியாது. சிவகாசிக்குப் போன் போட்டுச் சொன்னோம். மதினிக்கு ஒரே வெட்கமாப் போச்சு."

நாலு மணிக்கு ஜெயசீலி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"போடவா, சார்?"

திருமேனி தாளை எடுத்தார். நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"யாரும் பொய் சொல்லலை, மேடம்."

"அப்ப அடுத்த மாசம் வெறும் டப்பாவைக் கொண்டு வரச் சொல்லிடுங்க."

"சொன்னாத் தலையை ஆட்டுவாங்க. செய்ய மாட்டாங்க." அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "முப்பத்திரண்டு கரண்டியாப் போட்டுக் கொடுத்துடுவோம். முப்பது அவங்களுக்கு. இரண்டு டப்பாவுக்கு."

ஜெயசீலி பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"தூக்கு இன்னும் வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டுக்கொண்டே மூடியைத் திறந்தார். ஒரு பழத்தை அவருக்குக் கொடுத்தார். ஒன்றைத் தான் கடித்தார். நல்ல பழம். தின்று முடித்துவிட்டு மூன்றாவதற்குக் கையை நீட்டினார்.

"அது இருக்கட்டும், மேடம்," என்றார் திருமேனி.