இருளாயி சொன்னது

குன்றின் மேல் ஒரு சின்ன மடம் இருந்தது. அங்கிருந்து தெற்கே பார்த்தால் நகரம் தெரியும். பகலில் அது வெறும் புகையாகத் தெரியும். குழந்தைவேல் அந்தப் பக்கம் திரும்பாமலே ஆறு வருடத்தை ஓட்டிவிட்டார்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. மனைவி இறந்த பிறகு, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு மடத்துக்கு வந்தவர். அவருடைய குரு நீலம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். குரு சீடரை ‘ஐயா’ என்பார். சீடர் குருவை ‘அம்மா’ என்பார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

ஒரு நாள் காலையில் உப்பு வண்டிக்காரர் சுடலைமுத்து மூச்சு வாங்கக் குன்றேறி வந்தார்.

“உங்க மக சொல்லி அனுப்பிச்சா. ரெண்டு வருசமா மழை இல்ல. மருமகனுக்கு நகரத்துச் சாயப்பட்டறையில வேலை இருக்காம். கைக்குழந்தையோட அங்க போய்க் குடியிருக்கலாமான்னு அப்பாகிட்ட கேட்டுட்டு வாங்கன்னா. நீங்க போன்னு சொன்னா போறாங்களாம். வேண்டாம்னா ஊர்லயே கெடக்குறாங்களாம்.”

“நான் என்னத்தைச் சொல்றது, சுடலைமுத்து?”

“அதை என்கிட்ட கேட்டா? நான் உப்பு விக்கிறவன். ஆறாம் நாள் திரும்பி வருவேன். ஒரு வார்த்தையைத் தயாரா வச்சிருங்க.”

வண்டி போய்விட்டது. குழந்தைவேல் தெற்கே திரும்பிப் பார்த்தார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். இருபது வயதில் இதே நகரத்துக்குப் போனான். போகலாமா என்று அவன் கேட்டபோது, போ என்று சொன்னவர் குழந்தைவேல்தான். வேலை கிடைத்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்று போனவனிடமிருந்து இன்றுவரை ஒரு சேதியும் இல்லை.

அவர் நீலம்மையிடம் போனார். நீலம்மை முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, நகரம் வாழ்றதுக்கு நல்ல இடமா, கெட்ட இடமா?”

“நான் அங்க குடியிருந்ததில்ல, ஐயா. குடியிருக்கிறவங்களைக் கேளுங்க.”

மறுநாள் விடிந்ததும் குழந்தைவேல் காவித்துணியைச் சுற்றிக்கொண்டு, திருவோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். நகர வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. அத்தனை கூட்டத்தில் ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இங்கே விழுந்தால் மிதித்துக்கொண்டு போவார்கள் என்று தோன்றியது.

வீடு வீடாக நின்று ஒரே கேள்வியைக் கேட்டார்.

“இந்த ஊரா, சாமி?” என்றார் ஒரு கிழவர். “கொல்லன் பட்டறைச் சத்தத்துல நான் கண்ணசந்து எத்தனையோ வருசமாச்சு. எதிர் வீட்டுக்காரன் செத்து ரெண்டு நாள் கழிச்சு, வாடை வந்துதான் எங்களுக்கே தெரிஞ்சுது.”

“என் பையன் எங்க போறான், யாரோட சுத்துறான், ஒண்ணும் தெரியல சாமி” என்றாள் ஒரு தாய்.

கால்வாயில் சாய நூல் அலசிக்கொண்டிருந்த ஒருத்தியிடமும் கேட்டார். அவள் பெயர் இருளாயி. முழங்கைவரை கை நீலமாக இருந்தது. எழுந்து உள்ளே போய் ஒரு கவளம் சோறு கொண்டுவந்து ஓட்டில் போட்டாள்.

“வந்து பதினோரு வருசம். என் தலைப்புள்ள இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் போச்சு. எடுத்துக்கிட்டுப் போங்க சாமி.”

அந்தச் சோற்றை அவரால் தின்ன முடியவில்லை. கொட்டவும் மனம் வரவில்லை. ஓட்டோடு குன்றுக்குத் திரும்பினார்.

“கெட்ட இடம் அம்மா. பதினேழு வீட்டுல கேட்டேன். பதினேழு பேரும் அதைத்தான் சொன்னாங்க. வேண்டாம்னு சொல்லி அனுப்பிடுறேன்.”

“கையில என்ன வச்சிக்கிட்டுக் கேட்டீங்க?”

“திருவோடு.”

“அந்த ஊர்ல பிச்சை போடுறப்போ, சோத்தோட வீட்டுக் குறை ஒண்ணையும் சேர்த்துப் போடுவாங்க. சாமியார் அதைத் தூக்கிக்கிட்டு ஊரைத் தாண்டிப் போயிடுவார்னு ஒரு நம்பிக்கை. கேள்விப்பட்டதில்லையா?”

“இல்லையே.” குழந்தைவேல் ஓட்டைப் பார்த்தார். “அப்போ அவங்க சொன்னதெல்லாம் பொய்யா?”

“பொய்னு நான் சொன்னேனா? ஓட்டை இங்க வச்சிட்டு இன்னொரு தடவை போங்க.”

ஒரு நாள் முழுக்க அவருக்குக் கால் எழவில்லை. அடுத்த நாள் மடத்துச் சமையல்காரரிடம் வெள்ளை வேட்டியும் துண்டும் இரவல் வாங்கி உடுத்திக்கொண்டு போனார். குடியிருக்க வீடு பார்க்கிறேன், ஊர் எப்படி என்று கேட்டார்.

“சத்தமா?” என்றார் அதே கிழவர். “ஒரு வாரத்துல பழகிடும் தம்பி. இப்பல்லாம் பட்டறை ஓயற அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கம் வராது.”

“என் பையன் ஓலை வாசிக்கிறான்” என்றாள் அதே தாய். “எங்க ஊர்ல பள்ளிக்கூடத் தெருவுலயே எங்களை நடக்க விட்டதில்ல.”

கால்வாய்க்குப் போனார். இருளாயிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. நூலைப் பிழிந்தபடியே பேசினாள்.

“தாராளமா வாங்கண்ணே. நீ யாரு, எந்த வீட்டுப் புள்ளன்னு இங்க ஒருத்தன் கேக்க மாட்டான். கிணத்துல யாரு வேணா வாளி விடலாம். மழை பெஞ்சாலும் வேலை, பெய்யாட்டியும் வேலை. நல்ல ஊரு.”

“குழந்தைங்களுக்கு?”

பிழிந்துகொண்டிருந்த கை ஒரு நொடி நின்றது.

“நல்ல ஊருதான்” என்றாள்.

குழந்தைவேல் மடத்துக்குத் திரும்பி வந்தார்.

“பயம் கூடிப்போச்சு அம்மா. அன்னைக்கு அழாத குறையாச் சொன்னவங்க இன்னைக்கு வா வான்னு கூப்பிடுறாங்க. அந்த நீலக்கைப் பொண்ணு, செத்த புள்ளையைப் பத்தி மூச்சு விடல. இப்படிப்பட்ட சனங்க நடுவுல என் மகளை எப்படி விடறது?”

“வீடு தேடி வந்தவர்கிட்ட குறை சொன்னா, அப்புறம் நீ ஏன் இன்னும் இங்க இருக்கேன்னு அவர் கேப்பார். என்ன பதில் சொல்வாங்க?”

குழந்தைவேல் இரவல் துண்டை மடித்து வைத்தார். “நாளன்னைக்குச் சுடலைமுத்து வந்துடுவான்” என்றார்.

“தெரியும். நாளைக்கு நானும் வர்றேன்.”

நீலம்மை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வெறுங்கையோடு நடந்தார். நகரத்துக்குள் நுழைந்ததும், “அந்த நீலக்கைப் பொண்ணைக் காட்டுங்க” என்றார். கால்வாய் ஓரம் வந்ததும் நேரே அவளிடம் போனார்.

“அம்மா, இவர் பேரு குழந்தைவேல். இவரோட மருமகனுக்கு இங்க சாயப்பட்டறையில வேலை. மக இந்த ஊருக்குக் குடிவர்றா. கைக்குழந்தையோட.”

இருளாயி நூலைக் கல்லின் மேல் போட்டுவிட்டு எழுந்தாள்.

“எத்தனை மாசம்?”

“ஏழு” என்றார் குழந்தைவேல்.

“தாய்ப்பால்தானா?”

“ஆமா.”

“அப்ப நான் சொல்றதை நல்லாக் கேட்டுக்கோங்க. இந்தக் கால்வாய்த் தெருவுல வீடு எடுக்கவே கூடாது. வாடகை கம்மின்னு கூப்பிடுவானுங்க, போகாதீங்க. குடிக்கிறதுக்குக் கோயிலுக்குப் பின்னால இருக்கிற கிணறு மட்டும்தான். அதையும் காய்ச்சணும். எனக்கு அன்னைக்கு அது தெரியாது. சொல்ல ஆள் இல்ல.” அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். நீலம் போகவில்லை. “புள்ளைக்கு உடம்பு சுட்டா வடக்குத் தெரு மருத்துவச்சி வீட்டைத் தட்டுங்க. திட்டுவா. ஆத்தா அப்பன் வரைக்கும் இழுத்துத் திட்டுவா. ஆனா வந்துருவா. மருமகனைச் சாயத் தொட்டிக்குள்ள இறங்கச் சொன்னா மாட்டேன்னு சொல்லணும். நூல் காயப்போடுற வேலையைக் கேக்கச் சொல்லுங்க. உங்க மகளுக்கு வாய் உண்டா?”

“கொஞ்சம் உண்டு.”

“நல்லது. வாயில்லாம வந்தா நாங்களே ஏறி மிதிப்போம்.”

குழந்தைவேல் ஒவ்வொன்றையும் உதட்டசைவில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

“எல்லாத்தையும்விட ஊர் வாசல்தான் மோசம்” என்றாள் இருளாயி. “மூட்டையோட ஆள் வந்தாலே நாலு பேரு சூழ்ந்துக்குவானுங்க. அக்கா, வீடிருக்கு, வேலையிருக்குன்னு மூட்டையைப் பிடுங்கிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சிருவான். மூட்டை போற இடத்துக்கு நாமளும் ஓட வேண்டியதுதான். நான் இந்தத் தெருவுக்கு அப்படித்தான் வந்தேன்.”

குழந்தைவேலால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“தாயி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. இது நல்ல ஊரா, கெட்ட ஊரா?”

இருளாயி அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள்.

“ஓட்டோட வந்த சாமிதான நீங்க?”

“ஆமா.”

“வீடு பார்க்க வந்தவரும் நீங்கதானா?”

அவர் தலையாட்டினார்.

“அப்ப ரெண்டையும் சொல்லிட்டேனே” என்று சொல்லிவிட்டு அவள் நூலுக்குத் திரும்பினாள்.

அவர்கள் வெளியே வரும்போது நகர வாசலில் ஒரு குடும்பம் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. ஒருவன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வேகமாக நடந்தான். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் அவன் பின்னால் ஓடினாள். கூட்டம் அவர்களை மூடிக்கொண்டது. குழந்தைவேல் அதே இடத்தில் நின்றுவிட்டார். நீலம்மை அவர் நிற்கும்வரை கூட நின்றார்.

மறுநாள் காலை சுடலைமுத்து வந்துவிட்டார். வண்டியைக் குன்றடியில் நிறுத்தி, நுகத்தடியில் சாய்ந்துகொண்டார்.

“சொல்லுங்க. போறதா, வேண்டாமா?”

குழந்தைவேல் பக்கத்தில் நின்ற நீலம்மையிடம் திரும்பினார்.

“அம்மா, எனக்குப் பயம் விடல.”

“விடாது, ஐயா.”

“போன்னு சொல்லவா, வேண்டாம்னு சொல்லவா?”

நீலம்மை மாட்டின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார்.

“உங்க மக நகர வாசலுக்கு வந்து சேர்ற அன்னைக்கு நீங்க எங்க நிப்பீங்கன்னு சொல்லி அனுப்புங்க.”